தட்டிக்கொடுத்தால் போதுமா?

‘தூக்கம் கெட்டு 48 மணி நேரத்தில் செய்த விளையாட்டில் குறை சொல்வது அற்பத்தனம், பாராட்டிவிட்டு நகருங்கள்’ என்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாராட்டை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாமே, இப்படி அவசரமாக வீடியோ கேம் செய்து பகிரும் கேம் ஜாம் எதற்கு?

லூடம் டேர் என்ற கேம் ஜாமில் ஒரு விளையாட்டு தரவரிசைக்குள் வர 20 பேராவது அதை மதிப்பிட வேண்டும். அதற்காகப் பங்கேற்பவர்கள் ஆளுக்கு ஆள் மொய் எழுதுவதுபோல ‘அருமை, கிராஃபிக்ஸ் சூப்பர்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். விளையாட்டைத் திறக்காமலேகூட இதை எழுதலாம். ‘இரண்டாவது அறையில் சாவியை எடுத்தேன், கதவு எதுவென்று புரியவில்லை, மூன்று முறை செத்துவிட்டு மூடிவிட்டேன்’ என்பதை ஆடியவர் மட்டுமே எழுத முடியும். இதில் எது மரியாதை?

‘ஜாம் முடிந்தபின் இந்த விளையாட்டை யாரும் தொடரப்போவதில்லை, பிறகெதற்கு விமர்சனம்’ என்பது அடுத்த வாதம். ‘பாபா இஸ் யூ’ 2017 நார்டிக் கேம் ஜாமில் பிறந்து 2019இல் முழு விளையாட்டாக வந்தது. எது வளரும், எது கைவிடப்படும் என்று அந்த வார இறுதியில் யாருக்குத் தெரியும்?

விமர்சனம் என்ற பெயரில், சேமிக்கும் வசதி இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று புலம்புவது வீண்தான். செய்தவருக்கே அது தெரியும். அதைவிட எரிச்சலூட்டுபவர்கள், ‘நீங்கள் ஸ்பேஸ் பாரை அழுத்தியிருக்க வேண்டும்’ என்று ஆடியவரிடம் மல்லுக்கு நிற்கும் படைப்பாளிகள். அந்த ஒரு வரியைத் திரையில் போட்டிருந்தால் அவர் ஏன் திணறப்போகிறார்?