புது லேப்டாப் வாங்கும் முன் இந்த ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள்!

"இந்த லேப்டாப் வேஸ்ட்ப்பா. மைன்கிராஃப்ட்கூட லேக் ஆகுது. புதுசு வாங்கிக் கொடுங்க!"

லீவு விட்டதும் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. அப்பா உடனே இ.எம்.ஐ கணக்கு போட ஆரம்பித்துவிடுவார். அந்தக் கணக்கைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கலாம்.

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனில் விளையாடும்போது எஃப்3 பட்டனை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். இடது பக்கம் மேலே 'எஃப்.பி.எஸ்' என்று ஓர் எண் தெரியும். ஒரு நொடிக்கு எத்தனை படங்களைக் கம்ப்யூட்டர் வரைகிறது என்பதுதான் அது. 60 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லி செகண்ட். நடுவில் ஒரே ஒரு படம் 100 மில்லி செகண்ட் எடுத்தாலும், கண்ணுக்கு 'டக்'கென்று இடறும். (எண் நன்றாக இருந்தும், நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும்போது மட்டும் தடுமாறினால், சந்தேகப்பட வேண்டியது வைஃபையை!)

அடுத்து, வீடியோ செட்டிங்ஸில் 'ரெண்டர் டிஸ்டன்ஸ்' ஸ்லைடர். விஷயமே இங்கேதான் இருக்கிறது. இந்த கேமின் உலகம் 16-க்கு 16 பிளாக் அளவுள்ள துண்டுகளால் ஆனது. ஸ்லைடரை 16-ல் வைத்தால் நாலு பக்கமும் 16 துண்டுகள். அதாவது 33 x 33, அதிகபட்சம் 1,089 துண்டுகள். அதையே 8-க்கு இறக்கினால் 17 x 17, அதிகபட்சம் வெறும் 289. எண்ணைப் பாதியாக்கினால், சுமை ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடுகிறது. தூரத்து மலை பனிமூட்டத்தில் மறையும், அவ்வளவுதான். வீடு கட்டுகிற குழந்தைக்கு அந்த மலை எதற்கு?

போதவில்லையா? கிராபிக்ஸை 'ஃபாஸ்ட்' ஆக்குங்கள், மேகங்களை அணைத்துவிடுங்கள். ஆனால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எஃப்3 எண்ணைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்தால் எது உதவியது என்றே தெரியாது.

'மேக்ஸ் ஃபிரேம்ரேட்' அன்லிமிடெட் என்று இருந்தால் 60-க்கு மாற்றலாம். 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீனில் 200 படம் வரைந்து பயனில்லை. ஃபேன் அலறும், லேப்டாப் சூடாகும். சூடு ஏறினால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். எஃப்3 அழுத்தும்போது வலது பக்கத்தில் கிராபிக்ஸ் சிப்பின் பெயரும் தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பில், அது சும்மா உட்கார்ந்திருக்க, பிராசஸரோடு வரும் சாதாரண சிப்பே எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருப்பதும் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், கேமை இயக்கும் ஜாவா புரோகிராமுக்கு 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று கொடுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு விளையாடச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தை அடக்கியே வைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எண் 20-ஐத் தாண்டவில்லை, லேப்டாப்பில் இருப்பது 4 ஜிபி ரேம்தான் என்றால், சர்வீஸ் கடையில் ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், புது லேப்டாப் விலையில் சிறு பங்கிலேயே வேலை முடிந்துவிடலாம்.