மோதிரம் எத்தனை?

டான் மரீனோவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "அதெல்லாம் சரி, மோதிரம் எத்தனை?" பதில், பூஜ்ஜியம். அத்தோடு விவாதம் முடிந்ததாக அர்த்தம். கேட்டவர் ஜெயித்த முகத்தோடு காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு அந்த முகத்தின் மேல்தான் கோபம். சூப்பர் பௌல் மோதிரத்தை வைத்து ஒரு குவாட்டர்பேக்கை எடை போடுவது சோம்பேறித்தனம். பார்த்த ஆட்டத்தை மறந்துவிட்டு ஸ்கோர் பலகையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிற சோம்பேறித்தனம்.

அமெரிக்கக் கால்பந்து பெயரில் மட்டும்தான் கால்பந்து. பந்தைக் கையால் எறிவதும், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதும்தான் ஆட்டம். ஒவ்வொரு அணியிலும் தாக்குவதற்குப் பதினோரு பேர், தடுப்பதற்கு வேறு பதினோரு பேர். தாக்கும்போது பந்தை யாருக்கு, எந்த நொடியில் எறிவது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். பந்து எதிரணியிடம் போய்விட்டால் அவர் ஓரமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும். எதிரணி எத்தனை புள்ளி எடுத்தாலும் வேடிக்கைதான் பார்க்க முடியும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1983 டிராஃப்டில் மயாமி டால்ஃபின்ஸ் மரீனோவை 27-வது ஆளாக எடுத்தது. அவருக்கு முன்பே ஐந்து குவாட்டர்பேக்குகளை மற்ற அணிகள் எடுத்துவிட்டிருந்தன. அடுத்த வருடமே அவர் 5,084 யார்டு எறிந்தார், 48 டச்டவுன் பாஸ். அதுவரை ஒரு சீசனில் யாரும் 36-ஐத் தாண்டியதில்லை. சாதனைகளை வழக்கமாக ஒன்று இரண்டு கூட்டித்தான் முறியடிப்பார்கள். இவர் மூன்றில் ஒரு பங்கு கூட்டினார். அந்த 48-ஐத் தாண்ட 2004 வரை ஆனது. 5,084-ஐத் தாண்ட 2011 வரை, அதாவது 27 வருடம். அதற்குள் விதிகள் எல்லாம் பந்து எறிபவருக்குச் சாதகமாக மாறிப்போயிருந்தன.

அந்த சீசனின் முடிவில், 1985 ஜனவரியில், சூப்பர் பௌல். எதிரே சான் ஃபிரான்சிஸ்கோ. மயாமி 38-16 என்று தோற்றது. மரீனோ 50 முறை எறிந்தார், 29 போய்ச் சேர்ந்தன, 318 யார்டு. இரண்டு இன்டர்செப்ஷனும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பந்தோடு ஓடி மயாமி மொத்த ஆட்டத்திலும் எடுத்தது 25 யார்டு. சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது 211. ஓட ஆளில்லாத அணி அடுத்து என்ன செய்யும் என்று எதிரணிக்கு ஜோசியம் தேவையில்லை. அந்த 38 புள்ளிகளும் ஏறும்போது மரீனோ எங்கே இருந்தார்? பெஞ்சில்.

பிறகு அவர் சூப்பர் பௌல் பக்கமே போக முடியவில்லை. அவர் ஆடிய 17 சீசன்களில் ஒரே ஒரு முறைதான், 1996-ல், மயாமியின் ஓட்டக்காரர் ஒருவர் ஆயிரம் யார்டைத் தாண்டினார். பதினேழு வருடத்தில் ஒரு தடவை!

இப்போது டிரென்ட் டில்ஃபரிடம் வருவோம். 2000 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸின் தாக்கும் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அப்படியும் அதில் இரண்டு ஆட்டங்களை அந்த அணி ஜெயித்தது. எப்படி? தடுக்கும் அணி 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது மொத்தம் 165 புள்ளிகள்தான். நடுவில் குவாட்டர்பேக்காக உள்ளே வந்த டில்ஃபர் சூப்பர் பௌலில் 25-ல் 12 பாஸ் போட்டார். அணி 34-7 என்று ஜெயித்தது. மோதிரம் வந்தது. சீசன் முடிந்ததும் அதே அணி அவரைப் போகவிட்டு வேறு குவாட்டர்பேக்கைக் கொண்டுவந்தது. மோதிரம் யாரால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

"டில்ஃபர் விதிவிலக்கு. டாம் பிரேடி ஏழு மோதிரம் வாங்கினாரே, அதுவும் அதிர்ஷ்டமா?" என்பார்கள். இல்லை. பிரேடி மகத்தான ஆட்டக்காரர். ஆனால் அவரையே பாருங்கள். 2002-ல் முதல் மோதிரம் வாங்கிய ஆட்டத்தில் அவர் எறிந்தது 145 யார்டு. கடைசி நொடியில் ஒரு கிக்கர் உதைத்த பந்துதான் ஜெயிக்க வைத்தது. 2018 சூப்பர் பௌலில் எறிந்தது 505 யார்டு, மூன்று டச்டவுன். அணி 41-33 என்று தோற்றது. ஒரே மனிதர். சுமாராக எறிந்த நாளுக்கு மோதிரம், அசுரத்தனமாக எறிந்த நாளுக்கு வெறுங்கை. மோதிரம் எதை அளக்கிறது, சொல்லுங்கள்?

மரீனோ குறையே இல்லாதவர் என்று நான் வாதாடவில்லை. பிளே-ஆஃபில் அவர் கணக்கு 8 வெற்றி, 10 தோல்வி. 1986 ஜனவரியில் சொந்த ஊரில் நியூ இங்கிலாந்திடம் தோற்றபோது 48-ல் 20 பாஸ்தான் போய்ச் சேர்ந்தது. அது அவர் கணக்கில் எழுத வேண்டிய தோல்விதான். எழுதுங்கள். ஆனால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்கலாம். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் என்னோடு ஒருவர் இருந்தார். அவர் எழுதிய கோடைப் படித்துத்தான் நான் தொழில் கற்றேன். அவர் இருந்த பிராஜெக்டை மேலிடம் இழுத்து மூடியது, அவர் காரணமில்லை. அந்த வருட அப்ரைசலில் 'இம்பாக்ட் இல்லை' என்று ஒரே வரியில் முடித்தார்கள். ஜெயித்த பிராஜெக்டில் மீட்டிங் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவருக்குப் பதவி உயர்வு. அன்று அந்த அறையில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மோதிரக் கணக்கு போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

மரீனோ ஓய்வு பெற்றபோது யார்டு, டச்டவுன் இரண்டிலும் வாழ்நாள் சாதனை அவர் பெயரில் இருந்தது. தகுதி பெற்ற முதல் வருடமே, 2005-ல், ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே யாரும் அவர் விரலைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை யாராவது மோதிரம் எத்தனை என்று கேட்டால், டில்ஃபரிடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். கடைசி ஒரு டிரைவ், இரண்டு நிமிடம்தான் பாக்கி, பந்தை யார் கையில் கொடுப்பீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். காபி ஆறட்டும்.