பஜ்ஜியும் மனுவும்

மறைமலை நகர் ரயிலடியில் மாலை வேளையில் வாழைக்காய் பஜ்ஜி போடும் ஓர் அம்மாளின் தள்ளுவண்டி உண்டு. எங்கள் தெருக் கனவான்கள் அங்கே நின்று, காகிதத்தில் எண்ணெயை ஒற்றி ஒற்றித் தின்பார்கள்; "இன்னும் கொஞ்சம் சட்னி" என்று கை நீட்டுவார்கள். அதே கனவான்கள் சென்ற வாரம் ஒரு மனுவோடு என்னிடம் வந்தார்கள். 'சுகாதாரக் கேடு, வண்டிகளை அகற்றுக!'

"அந்த அம்மாள் எங்கே போவாள்?" என்றேன்.

"அது நம் கவலையா, சார்?" என்றார் ஒருவர். அவர் வாயில் பஜ்ஜி வாசனை போகவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. சுத்தம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் கேட்டு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம், தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது. அதுவரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். சட்டத்துக்கு இருக்கிற ஈரம் சாப்பிட்ட நமக்கு இல்லையே!

வயிறு நிறைந்ததும் பரிமாறிய கை அழுக்காகத் தெரிகிறதே, ஐயா, அதுதான் சுகாதாரக் கேடு.