கோபுரமில்லாத் திடலில் சொல்லே காவல்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாள்தோறும் இலக்கக்கணக்கான மக்கள் மலைவலம் வருகின்றனர். 14 கிலோமீட்டர் வழியில் ஒவ்வோர் அடிக்கும் ஆணையிடுவார் எவருமிலர். ஆயினும் அனைவரும் மலையைத் தம் வலக்கைப் பக்கத்தே கொண்டு ஒரே திசையில் நடக்கின்றனர். எதிர்த்து நடப்பார் அரியர். ஆள்வோன் இல்லாவிடத்து வழக்கமே ஆள்கின்றது.

வானிலும் இத்தகைய இடங்கள் உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரமோ, "இறங்குக, பொறுத்திருக்க" என்று இசைவு தரும் அலுவலரோ இல்லாத வானூர்தித் திடல்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அங்கும் ஒரு வலம் உண்டு. ஆனால் அது இடவலம். ஓடுபாதையைத் தம் இடக்கைப் பக்கத்தே கொண்டு, இடப்புறமாகவே திரும்பித் திரும்பி, ஊர்திகள் நாற்கட்டமாய்ச் சுற்றி வந்து இறங்குதல் பொதுநெறி. வானோடி இடப்பக்க இருக்கையில் அமர்வதால் திடல் அவன் கண்ணுக்குத் தப்பாது.

கண்ணுக்கு அடுத்த காவல் வாய்ச்சொல். பொது அலைவரிசை ஒன்றில் ஒவ்வொரு வானோடியும் தன் நிலையைத் தானே அறிவித்தல் வேண்டும். முதலில் திடலின் பெயர். அடுத்துத் தான் யார், எங்கிருக்கிறான், என்ன செய்யப்போகிறான் என்பன. முடிவில் மீண்டும் திடலின் பெயர். ஈற்றில் ஏன் மறுபடியும் பெயர்? அண்மையிலுள்ள பல திடல்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடும். முதற்சொல்லைத் தவறவிட்டவனுக்கு ஈற்றுச்சொல் உதவும். பேசுமுன் கேட்டல், சுருங்கச் சொல்லல், வீண்பேச்சால் அலைவரிசையை அடைக்காமை என்பன அவ்விடத்துப் பண்புகள். "அங்கு யாரேனும் இருப்பின் தெரிவியுங்கள்" என்று பொதுவாய்க் கேட்டுவைக்கும் பழக்கத்தை அமெரிக்க வானோடிக் கையேடு விலக்குகிறது. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இருவர் சொல்லும் கெடும். அலறல் ஒலியே எஞ்சும்.

இவ்வொழுக்கம் தவறினால் நேர்வது யாது? 1996 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் குயின்சி என்னும் ஊரில், கோபுரமில்லாத் திடல் ஒன்றில் பயணியர் ஊர்தி ஒன்று இறங்க வந்தது. அதன் வானோடிகள் தம் வரவை முறையாக அறிவித்தனர். ஓடுபாதை முனையில் நின்ற ஊர்தி காத்திருக்குமா என்றும் வினவினர். வினவப்பெற்ற ஊர்தி வாய்திறக்கவில்லை. அதன் பின்னே நின்ற வேறொரு சிற்றூர்தியின் வானோடி, தான் காத்திருப்பதாக விடையிறுத்தான். அவன் பேச்சின் ஒரு பகுதியை, இறங்கிக் கொண்டிருந்த ஊர்தியின் எச்சரிக்கைக் கருவி எழுப்பிய ஒலி மறைத்தது. கேட்டோர் அதனை முன்நின்ற ஊர்தியின் விடையென்றே கொண்டனர். வாய்திறவா ஊர்தி எழும்ப ஓடியது. குறுக்கிட்ட இரு ஓடுபாதைகளும் கூடும் இடத்தில் இரண்டும் மோதின. மாண்டவர் 14 பேர். இரண்டு ஊர்திகளிலும் ஒருவரும் பிழைத்திலர். நடந்தது ஆங்கிலநாட்டு மரபில் ஊறிய நாட்டில், பேசியதும் ஆங்கிலமே! ஆங்கிலம் அவர்களைக் காத்ததா?

அதற்கு ஒரு கிழமை முன்னர், 1996 நவம்பர் 12 அன்று, அரியானாவின் சர்க்கி தாத்திரி ஊரின் மேல்வானில் சவூதி நாட்டு ஊர்தியும் கசக்குநாட்டு ஊர்தியும் மோதி 349 பேர் மாண்டனர். அங்குக் கோபுரக் கட்டுப்பாடு இருந்தது. கசக்குநாட்டு ஊர்தி தனக்கு வகுத்த உயரத்தினின்று கீழிறங்கிவிட்டது. அவ்வூர்தியினர்க்கு ஆங்கில அறிவு போதாமையும் கரணியங்களுள் ஒன்றென்று ஆய்வில் கூறப்பட்டது. நெட்டுருச் செய்த அயற்சொல் இடர்வேளையில் கைகொடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும், "வானத்தின் மொழி ஆங்கிலம், அங்கே தமிழுக்கு என்ன வேலை?" என்று எள்ளுவார் உளர். அவர்கள் உலக நெறிகளையேனும் படித்தாரிலர். தரைநிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம் என்பதே பன்னாட்டு வானூர்தி அமைப்பின் நெறி. பிரான்சு நாட்டின் சிறு திடல்கள் பலவற்றிற்கான வரைபடத்தில் "பிரெஞ்சு மட்டும்" என்றே குறிக்கப்பட்டுள்ளது. அங்கே இறங்க விரும்புவோன் எந்நாட்டவனாயினும் பிரெஞ்சிலேயே அறிவித்தல் வேண்டும்.

கனடாவின் கியூபெக்கு மக்கள் இவ்வுரிமையைப் போராடிப் பெற்றனர். வானொலியில் பிரெஞ்சும் இயங்கினால் உயிர்க்கு இடரென்று கூறி 1976 சூன் திங்களில் கனடிய வானோடிகள் பணியை நிறுத்தினர். நடுவர் மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அது தீர ஆய்ந்து, இருமொழிப் பேச்சால் இடரில்லை என்று 1979-இல் ஒருமித்து முடிவுரைத்தது. "இடர், இடர்" என்ற கூக்குரல் ஆய்வின்முன் நிற்கவில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் அறமன்று. 2000 மே 25 அன்று பாரிசுப் பெருநிலையத்தில், ஒரே ஓடுபாதையில் இரண்டு ஊர்திகள் மோதி வானோடி ஒருவர் மாண்டார். ஓர் ஊர்திக்குப் பிரெஞ்சில் இட்ட ஆணையை மற்றதில் இருந்த ஆங்கிலேயர் அறிந்திலர். பன்னாட்டவர் கூடும் பெருநிலையத்தில் அனைவர்க்கும் விளங்கும் ஒருமொழி தேவையே. சென்னையின் ஓடுபாதையில் தமிழ் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது மொழிப்பற்றாகாது. பிறர் உயிரோடு விளையாடுதலாகும். உள்ளூரார் மட்டுமே பறக்கும் சிறு திடலின் நிலை வேறு. கேட்போர் அனைவர்க்கும் விளங்குவதே அவ்வத் திடலின் மொழி. இதுவே முறை.

திருவண்ணாமலையில் வானூர்தித் திடல் இல்லை. ஆனால் அண்மையிலுள்ள வேலூரின் திடலும் நெய்வேலியின் திடலும் ஒன்றிய அரசின் வட்டார வானூர்தித் திட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டவை. உளுந்தூர்ப்பேட்டையில் உலகப்போர்க்கால ஓடுபாதை ஒன்று கிடக்கின்றது. இத்தகைய திடல்களில் தமிழ் ஒலிக்க வேண்டுமாயின் தடை எது? தமிழன் இன்னும் சொல்லைச் செம்மை செய்யாமையே முதற்றடை. ஓட்டுநன் இன்றி இயங்கும் வானவூர்தியைப் புறநானூற்றுப் புலவர் அன்றே பாடினார் என்று மேடைதோறும் மார்தட்டுவோர், இன்றைய வானோடிக்குப் பத்துச் சொற்களை வரையறுத்துத் தந்தனரா?

"ஏறுகிறேன்" என்னும் ஒரு சொல்லையே எண்ணுக. தரையினின்று எழும்புவதும் ஏறுதல். வானில் உயரம் கூடுவதும் ஏறுதல். ஊர்திக்குள் புகுவதும் ஏறுதல். பாட்டில் இது நயம். அலைவரிசையில் இது நஞ்சு. தெனரிபேத் தீவில் 1977 மார்ச்சு 27 அன்று 583 பேர் மாண்டதற்குச் சொல் மயக்கமும் ஒரு கரணியம். அதன் பின்னரே, தரையினின்று எழும்புதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அதற்கான இசைவு வேளையிலன்றி வழங்காமல் காத்தனர். தமிழிலும் தரைவிடுதலுக்கு "எழும்புதல்", உயரம் கூடுதலுக்கு "உயர்தல்" என ஒரு பொருட்கு ஒரு சொல்லே நிறுவப்பெறல் வேண்டும். "வேலூர்த் திடல், சிற்றூர்தி ஏழு, வடக்கே ஐந்து கல், இறங்க வருகிறேன், வேலூர்த் திடல்." இதில் எவர்க்கு என்ன விளங்கவில்லை? ஓடுபாதையோரத்துக் காவலர்க்கும் தீயணைப்பு வீரர்க்கும்கூட இது விளங்குமே!

ஆகவே செய்யத்தக்கன மூன்று. வானோடிகளும் தமிழறிஞரும் ஒருங்கமர்ந்து வானொலிச் சொற்கையேடு ஒன்று யாத்தல். பறத்தல் பயிலும் இளைஞர்க்கு ஆங்கிலத்தோடு அதனையும் கற்பித்தல். உள்ளூர் ஊர்திகள் மட்டும் இயங்கும் திடல்களில் தமிழுக்கு இசைவு வேண்டி ஒன்றிய அரசை வலியுறுத்தல். முதலிரண்டும் தமிழன் கையிலேயே உள்ளன. அவற்றைச் செய்யாது மூன்றாவதை மட்டும் முழங்குதல் வெற்றொலியே. சொல்லைத் தீட்டுக, பின்னர் உரிமையைக் கேட்க!