மேலே மிதக்கவா, கீழே நீந்தவா?

ஸ்கூபா முக்குளிப்புக்கென்று மிதப்பைச் சரிக்கட்டும் காற்றுச் சட்டை வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் யோசிக்காமல் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஜாக்கெட்டைத்தான். விலாவைச் சுற்றிக் காற்று நிரம்பும். நீர்மட்டத்தில் ஆளைத் தலைநிமிர்த்தி வைக்கும். "எவ்வளவு பத்திரம், பாருங்கள்!" என்பார். பத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, நாம் காசு கொடுத்து இறங்குவது மேலே மிதந்து கரையைப் பார்க்கவா?

காரியம் நடப்பது கீழே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. ரப்பர் உடை நசுங்கி மிதப்பை இழக்கிறது. அதை ஈடுகட்டத்தான் இந்தக் காற்றுப் பையே. அங்கே மனிதன் மீனைப்போல் கிடையாக இருக்க வேண்டும். கால் தாழ்ந்தவன் துடுப்பால் பவளத்தை உடைக்கிறான், மணலைக் கிளறுகிறான், மூச்சுக் காற்றையும் வீணாக்குகிறான். (ஈயக்கட்டையை அளவுக்கு மீறிக் கட்டிக்கொள்வதும் ஒரு காரணம், அது வேறு கதை.) ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளில் நீந்துகிறவர்கள் முதுகில் ஓர் உலோகத் தகடு, அதன் பின்னால் மட்டும் காற்றுப் பை என்று 'விங்'கைப் பழக்கிக்கொண்டது சும்மாவா?

"விங் மேலே வந்ததும் முகத்தைக் குப்புறத் தள்ளும்" என்று பயமுறுத்துவார்கள். திணறத் திணறக் காற்றடைத்தால் தள்ளத்தான் செய்யும். அளவாக அடைத்துப் பின்னால் சாய்ந்துகொண்டால் சாய்வு நாற்காலிதான். இதைச் சொல்லிக் கொடுக்கச் சோம்பல்பட்டா ஜாக்கெட்டைத் தலையில் கட்டுவது?

வருஷத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுப்பவர் ஜாக்கெட்டையே போட்டுக்கொள்ளட்டும். சொந்தமாக வாங்குகிறவரிடம்தான் என் வழக்கு. கடைக் கண்ணாடியில் அழகு பார்க்காதீர்கள். இரண்டையும் ஒரு நாள் இரவல் வாங்கி, ஆறு மீட்டர் ஆழத்தில் கையை ஆட்டாமல் நின்று பாருங்கள்.