உறங்கியோர் எழவில்லை

தேவதைக் கதையை நாவலாக விரிப்பது யதார்த்தத்திலிருந்து தப்பியோடுவதாகும் என்பது இலக்கிய உரையாடல்களில் எளிதாக வழங்கப்படும் தீர்ப்பு. ஜேன் யோலன் 1992 இல் வெளியிட்ட ‘பிறையர் றோஸ்’ என்னும் அமெரிக்க நாவலைக் கண்டதும் இத்தீர்ப்பாளர் இன்னும் சினங்கொள்வர். நாஸிகளின் இனப்படுகொலையை உறங்கும் அழகியின் கதையாக்குவது மாண்டோரை அவமதிப்பதாம். இவர்கள் நூலின் அட்டையைக் கடந்து உள்ளே சென்றார்களா என ஐயுற வேண்டியுள்ளது.

பாட்டி ஒருத்தி பேர்த்திகளுக்கு ஓயாது சொல்லிவந்தது இந்த ஒரு கதையையே. அவள் இறந்தபின் இளைய பேர்த்தி பெக்கா அதன் மூலத்தைத் தேடிப் போலந்துக்குச் செல்கிறாள்; ஹெல்ம்னோவை அடைகிறாள். 1941 டிசெம்பரில் தொடங்கிய அக்கொலைமுகாமில், மூடிய வாகனங்களுக்குள் எஞ்சின் புகையைச் செலுத்தி மனிதரைக் கொன்றனர். மாண்டோர் தொகை குறைந்தது 150,000. அவர்களை வாகனத்தில் ஏற்றிய மாளிகையை ஜேர்மானியர் ‘கோட்டை’ என்றே வழங்கினர். கோட்டை என்னும் படிமத்தை யோலன் தேடி அலையவில்லை; கொலைஞரே அதனை விட்டுச் சென்றிருந்தனர். அனைவரையும் உறங்கச் செய்யும் பாட்டியின் மூடுபனி எதுவென இனியும் விளக்க வேண்டுமா?

கிறிம் சகோதரரின் கதையில் இளவரசி விழித்ததும் அரசன், குதிரைகள், சுவரிலிருந்த ஈக்கள் யாவும் விழிக்கின்றன. சமையற்காரன் எடுபிடிச் சிறுவனின் கன்னத்தில் அறைகிறான். பாட்டியின் கதையில் இளவரசி மட்டுமே எழுகிறாள். தப்பியோட்டம் என்போர் இம்மாற்றத்துக்கு என்ன விடை கூறுவர்? பிணக்குழியிலிருந்து அவளைத் தூக்கி, வாயில் மூச்சூட்டி மீட்டவர்கள் காட்டில் ஒளிந்திருந்த எதிர்ப்புப் போராளிகள். அவர்களுள் ஒருவனான போட்டொக்கி, தன்பாலினத்தவன் என்பதற்காக நாஸிகளால் அடைக்கப்பட்டிருந்தவன். இளவரசியை மணக்கும் இளவரசன் அல்லன். அவளுக்கோ தன் பெயரும் நினைவில்லை. எஞ்சியது அக்கதை மட்டுமே. நினைவிழந்தவள் வேறெந்த மொழியில் சாட்சியம் கூறுவாள்?

ஹெல்ம்னோவிலிருந்து உயிர்தப்பிய பெண் எவளையும் வரலாறு அறியாது என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் நூலின் இறுதிக் குறிப்பில் அதனை எடுத்துரைப்பவரே யோலன்தான். இன்பமான முடிவு புனைவைச் சார்ந்தது என்றும் ஒப்புகிறார். இவ்வாறு எல்லைக்கல் நாட்டியவரை வரலாற்றைத் திரித்தவர் எனல் நேர்மையாகாது.

குறை இல்லாமலில்லை. பெக்காவுக்கும் பத்திரிகையாசிரியனுக்கும் இடையிலான காதல் வாரச் சஞ்சிகைத் தொடர்கதைத் தரத்தைத் தாண்டவில்லை. அதனைக் கண்டித்திருப்பின் நாமும் உடன் நின்றிருப்போம். அதுபற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை.