பாட்டை நம்பி ஓடும் லாரி

நடுராத்திரி, நெடுஞ்சாலை, லாரி, இளையராஜா பாட்டு. இந்த நாலையும் சேர்த்து யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாட்டின் மேல் எனக்கென்ன கோபம்? அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். சங்ககிரியில் எங்கள் தெருவில் பாதி லாரிக்காரர் வீடுகள். அந்த வண்டிகளில் பாட்டு ரசிப்பதற்காக ஓடுவதில்லை. ஓட்டுகிறவர் தூங்கி விழாமல் இருப்பதற்காக ஓடுகிறது.

எங்கள் மாமாவுக்கு 61 வயது. இன்னும் ஹெவி வண்டிதான். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்குவார். இப்போது பென் டிரைவ். அதில் பாட்டுகளை நேரம் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது டி.எம்.எஸ். பன்னிரண்டு தாண்டினால் எண்பதுகளின் பாட்டு, அதிலும் மெலடி கூடாது, கண் சொக்கிவிடும். இரண்டு மணிக்கு மேல் பறையும் தவிலும் அதிரும் குத்துப்பாட்டு. மூன்றரைக்கு அதுவும் பலிக்காது. அப்போது பாட்டை நிறுத்திவிட்டுத் தானே கத்திப் பாடுவாராம். "எந்தொண்டை எனக்குக் கேட்டுட்டே இருக்கோணும் கண்ணு. சத்தம் நின்னா தூங்கீட்டேன்னு அர்த்தம்" என்றார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

முன்பெல்லாம் நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். பல வண்டிகளில் அதைக் காற்றில் பறக்கவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கேட்பதற்கு ஒரு விதி இருந்தது. 2018-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். டிரைவர் கிடைப்பதில்லை என்று முதலாளிகள் சொல்வதும் பொய்யில்லை; பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், புதுப் பையன்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. அதனால்தான் மாமா வயதுக்காரர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். சரி, ஒரே டிரைவர்தான் என்று ஆன பிறகு, அவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று கறாராகக் கேட்க வேண்டாமா? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று 1961-ஆம் வருடச் சட்டத்திலேயே எழுதினார்கள். அதுவும் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடங்களுக்குத்தான். ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டுகிறவரை அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

லைசென்ஸ் விஷயம் இதைவிட மோசம். சொந்தக் காரோ ஸ்கூட்டரோ ஓட்டுவதற்கு வயதைப் பார்க்கிறார்கள். முப்பது தாண்டி ஐம்பதுக்குள் எடுத்தால் 10 வருடம் செல்லும். 55 தாண்டினால் 5 வருடம்தான். ஹெவி லைசென்ஸுக்கு அந்தக் கணக்கே கிடையாது. 25 வயதுப் பையனுக்கும் 5 வருடம், 65 வயதுக்காரருக்கும் 5 வருடம். முன்பு 3 வருடமாக இருந்ததை 2019 திருத்தத்தில் 5 ஆக்கினார்கள். இளம் டிரைவர்களுக்கு அலைச்சல் குறைந்தது, நல்லது. அறுபது தாண்டியவருக்கும் அதே 5 வருடம் என்றால் இடையில் அவர் கண்ணையும் காதையும் சர்க்கரையையும் யார் பார்ப்பது?

பார்ப்பதாகச் சொல்லும் அன்றைக்கு மட்டும் என்ன பார்த்துவிட்டார்கள்? படிவம் 1ஏ என்று ஒரு மருத்துவச் சான்றிதழ். போன தடவை புதுப்பிக்கும்போது மாமாவோடு நானும் போயிருந்தேன். டாக்டர் நிமிரவில்லை. "சுகர் இருக்கா?" "கொஞ்சம் இருக்குதுங்க." "மாத்திரை போடுறீங்களா?" "போடறனுங்க." கையெழுத்து, முத்திரை, அடுத்த ஆள். மாலைக்கண் உண்டா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. மாமாவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டை நல்ல பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்றும் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில்! பெரும்பாலும் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவருக்கு இதுதான் பரீட்சை. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பூப்பூவாக விரிகிறது என்று மாமா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது கண்புரை என்று ஆறு மாதம் கழித்து ஒரு இலவசக் கண் முகாமில்தான் தெரிந்தது. அந்த ஆறு மாதமும் தொப்பூர் கணவாயில் விடியற்காலை இறக்கத்தில் அந்தக் கண்ணோடுதான் இறங்கி வந்திருக்கிறார். லைசென்ஸ் என்னவோ செல்லும்.

அமெரிக்காவில் லாரிப் பாட்டு என்றே ஒரு வகை இருக்கிறது. 1963-ல் டேவ் டட்லி பாடிப் பெரிய வெற்றி பெற்ற பாட்டில், ஓட்டுகிறவன் முழித்திருக்க மாத்திரை போடுகிறான். அங்கேயும் கதை இதேதான். ஆனால் அங்கே இப்போது தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். பெரும்பாலான வண்டிகளில் அதைக் குறித்துக்கொள்ள 2017 டிசம்பரிலிருந்து கருவி கட்டாயம். மருத்துவச் சான்றிதழும் அதிகபட்சம் இரண்டு வருடம்தான். குறை அங்கேயும் இருக்கும். இருந்தாலும் டிரைவரின் தூக்கத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கடுமையாகப் பரிசோதித்தால் வயசாளிகள் பிழைப்பு போய்விடும் என்று எங்கள் தெருவிலேயே சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பென்ஷன் இல்லை, சேமிப்பு இல்லை, மகள் கல்யாணக் கடன் பாக்கி இருக்கிறது. அதனால் நான் கேட்பது லைசென்ஸைப் பிடுங்குவதை அல்ல. 55 தாண்டிய ஹெவி டிரைவருக்கு வருடா வருடம் அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கண்ணும் சர்க்கரையும் பாருங்கள். ராத்திரிப் பார்வை போதாதென்றால் பகல் லோடு மட்டும் என்று லைசென்ஸிலேயே எழுதிக் கொடுங்கள். பக்கத்து ஊர்களுக்கு சிமென்ட்டும் தீவனமும் பகலில் போகாமலா இருக்கிறது? நீண்ட தூரம் போயே ஆக வேண்டுமென்றால் இரண்டாவது டிரைவரைப் போடச் சொல்லுங்கள். அவருக்குப் படி கொடுக்க லாரி வாடகையில் இடமில்லை என்றால், வாடகையை அமுக்குகிற கம்பெனிகளிடம் பேசுங்கள். மாமாவின் லைசென்ஸ் அடுத்து புதுப்பிக்க வரும்போது அவருக்கு 64 ஆகியிருக்கும். அதற்குள் அவருடைய இன்னொரு கண்ணையும் யாராவது பார்த்தாக வேண்டும்.